யான்புவுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: சவுதி அரேபியாவின் செங்கடல் கரையில் உள்ள யான்புவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக எண்ணம். ஆனால் சொந்தக்காரர் ஒருவர், "அந்தப் பக்கம் பூமிக்கடியில் எரிமலை கொதிக்கிறது, 2009-இல் ஊரையே காலி பண்ணினார்கள், எப்ப வேணும்னாலும் வெடிக்கும்" என்று பயமுறுத்துகிறார். பாலைவனத்தில் எரிமலையா? இதில் எவ்வளவு உண்மை?

ஊரைக் காலி செய்தது உண்மை. எரிமலைப் பகுதி என்பதும் உண்மை. "எப்ப வேணும்னாலும்" என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே எரிமலை சொல்லாமல் வருவதில்லை. முன்கூட்டியே நிலம் அதிர்ந்து சொல்லிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அப்படி அதிர்ந்த பிறகும் பல சமயம் ஒன்றும் வெளியே வருவதில்லை. சொல்லாமல் வரக்கூடியது ஒன்று உண்டு, அது நிலநடுக்கம். உங்கள் சொந்தக்காரர் பயப்பட வேண்டுமானால் அதற்குத்தான் பயப்பட வேண்டும். அதுவும் யான்புவைவிட வடக்கே போகிறவர்களுக்கு.

முதலில் அந்தக் கரையின் அமைப்பு. செங்கடல் என்பது பழைய கடல் அல்ல, நிலம் பிளந்து உண்டான கடல். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அரேபியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. எத்தியோப்பியா, ஏமன் பக்கம் அடியிலிருந்து பெரும் வெப்பம் மேலெழுந்து, லாவா லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குக் கொட்டியது. அதையொட்டி நிலம் இழுபட்டு, மெலிந்து, கிழிந்தது. கிழிசலுக்குள் கடல் புகுந்தது. இன்றும் இழுபடுகிறது: வடக்கே ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, தெற்கே ஒன்றரை சென்டிமீட்டர் அளவில். நடுக்கடலின் ஆழத்தில் புதுத் தரை உருவாகிக்கொண்டிருக்கிறது. ஜித்தாவுக்கு மேற்கே கடலடியில் அட்லாண்டிஸ் 2 என்று பெயரிட்ட ஒரு பள்ளம் இருக்கிறது. 2,000 மீட்டருக்கும் கீழே, 60 டிகிரிக்கு மேல் சூடான உப்புக் குழம்பு, துத்தநாகமும் செம்பும் கலந்து தேங்கிக் கிடக்கிறது. அடியில் அடுப்பு அணையவில்லை என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை.

அடுப்பு கடலுக்கு அடியில் மட்டும் இருந்திருந்தால் கரையில் வாழ்பவர்களுக்குக் கவலை இல்லை. ஆனால் அரேபியப் பக்கத்தில், கடலிலிருந்து நூறு இருநூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியும், ஏமனிலிருந்து சிரியா வரை கருங்கல் வெளிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அரபியில் ஹர்ரா என்பார்கள். உம்ராவுக்குப் போனவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குச் செல்லும் வழியில் பார்த்திருப்பார்கள்: திடீரென்று மணல் நின்று, உழுது போட்டது மாதிரி கரடுமுரடான கறுப்புத் தரை தொடங்கும். அதெல்லாம் உறைந்த லாவா. மதீனா நகரமே கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு ஹர்ராக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. நபிமொழிகளிலும் அந்த இரண்டு கருங்கல் வெளிகளும் நகரின் எல்லையாகச் சொல்லப்படுகின்றன. ஹர்ரத் ரஹத் என்பது மதீனாவில் தொடங்கித் தெற்கே மக்கா, ஜித்தா திசையில் சுமார் 300 கிலோமீட்டர் நீளும். மதீனாவுக்கு வடக்கே, கைபர் என்ற ஊர்ப் பக்கம் உள்ள ஹர்ராவில் வெள்ளை நிற எரிமலைகள்கூட உண்டு. யான்புவுக்கு வடக்கே, உம்லஜ் என்ற கடற்கரை ஊருக்குக் கிழக்கே இருப்பது ஹர்ரத் லுனய்யிர். 2009 கதை அங்கே நடந்ததுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எரிமலை என்றதும் நமக்கு ஜப்பானின் ஃபூஜி மாதிரி ஒற்றைச் சிகரம் மனதில் வரும். ஹர்ராவில் அப்படி ஒரு மலை கிடையாது. ஒரே பரப்பில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கூம்புகள். பெரும்பாலும் ஒரு கூம்பு ஒரு முறைதான் வாய் திறக்கும். சில வாரமோ மாதமோ லாவா கக்கிவிட்டு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். அடுத்த முறை, நூறு ஆண்டோ ஆயிரம் ஆண்டோ கழித்து, வேறு எங்கோ புதிதாகத் திறக்கும். அதனால் "எந்த மலை வெடிக்கும்?" என்ற கேள்வியே அங்கே பொருந்தாது. இருக்கிற கூம்பைக் காட்டி "இது செத்துப்போன எரிமலை, பயமில்லை" என்று உள்ளூர்க்காரர் சொன்னால், அவர் சொல்வது அந்தக் கூம்பைப் பொறுத்தவரை சரி. பக்கத்து நிலத்துக்கு அதனால் உத்தரவாதம் ஏதும் இல்லை.

சரி, கடைசியாக எப்போது வந்தது? ஐயமில்லாமல் பதிவான பெரிய வெடிப்பு 1256-இல், ஹிஜ்ரி 654-இல், மதீனாவுக்குத் தென்கிழக்கே நடந்தது. அப்போது நகரில் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருப்பதால் ஏறக்குறைய நாள் கணக்கே நம்மிடம் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் நில அதிர்வுகள் தொடங்கின. சில நாட்களில் வலுத்தன. மக்கள் பள்ளிவாசலில் கூடிப் பிரார்த்தித்தார்கள். பிறகு நிலம் ஒரு கோடாகக் கிழிந்து லாவா எழும்பியது. அந்தக் கோட்டின்மேல் வரிசையாக ஆறு கூம்புகள் உண்டாயின. 52 நாட்கள் ஓடிய லாவா 23 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவி, நகரைத் தொடுவதற்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் நின்றது. இரவில் அந்த வெளிச்சம் மக்கா வரை தெரிந்ததாக அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். ஹிஜாஸ் (மக்கா, மதீனா அடங்கிய பகுதி) மண்ணிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பும், சிரியாவின் புஸ்ராவில் நிற்கும் ஒட்டகங்களின் கழுத்துகள் அதில் ஒளிரும் என்ற நபிமொழியை இந்த நிகழ்வோடு சேர்த்துப் பார்த்தவர்கள் பலர். (அதே ஆண்டு ரமலானில் நபியின் பள்ளிவாசல் எரிந்தது. லாவாவால் எரிந்தது என்று சிலர் இரண்டையும் கலந்து சொல்வார்கள். அது விளக்கால் ஏற்பட்ட தீ, தனி நிகழ்ச்சி.)

அந்த வெடிப்பில் நகரில் யாரும் லாவாவால் சாகவில்லை. ஹவாயில் வருவது மாதிரியான பசால்ட் லாவா அது. குண்டு மாதிரி வெடிப்பதைவிட ஊற்றாகப் பொங்கி வழியும் வகை. முகப்பில் மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் பெரும்பாலும் நகரும். மனிதர்கள் விலகிப் போய்விடலாம். விலக முடியாதவை சாலை, மின்கம்பி, குழாய், கட்டடம். 1256-இல் அந்த வழியில் இருந்தது பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். இன்று மதீனா அந்தத் திசையில் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால் புரியும்.

இப்போது 2009-க்கு வருகிறேன். ஏப்ரலில் ஹர்ரத் லுனய்யிரில் குட்டிக் குட்டி அதிர்வுகள் தொடங்கின. முதலில் கருவிக்கு மட்டும் தெரிந்தன, பிறகு ஆட்களுக்கும். மே 19-ஆம் தேதி மிகப் பெரியது வந்தது, அளவு 5.4. அல்-ஈஸ் என்ற ஊரில் சுவர்கள் விரிசல் விட்டன. பாலைவனத் தரையில் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது; ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குச் சில இடங்களில் வாய் பிளந்து கிடந்த அந்தப் படங்கள்தான் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அரசு சுமார் 40,000 பேரை வெளியேற்றி யான்புவுக்கும் மதீனாவுக்கும் அனுப்பியது. உங்கள் யான்பு அன்று தப்பி வந்தவர்கள் தங்கிய ஊர், ஆபத்தில் இருந்த ஊர் அல்ல. சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மொத்தம் 30,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. பிறகு மெல்ல அடங்கியது. சில மாதங்களில் மக்கள் திரும்பினார்கள். ஒரு சொட்டு லாவா வெளியே வரவில்லை.

அப்படியானால் வெளியேற்றியது வீண்வேலையா? அப்போதும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அடியில் என்ன நடந்தது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தரை எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று சென்டிமீட்டர் கணக்கில் அளந்தார்கள். சவுதி நிலவியல் ஆய்வு நிறுவனமும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து செய்த வேலை. நடுவில் ஒரு பட்டை தாழ்ந்திருந்தது; இரு பக்கமும் விலகி உயர்ந்திருந்தது. விறகைப் பிளக்க ஆப்பு இறக்குவோமே, அதைத் தலைகீழாக, அடியிலிருந்து மேல்நோக்கி இறக்கினால் எப்படியோ அப்படி. மாக்மா, அதாவது பூமிக்குள் இருக்கும் பாறைக் குழம்பு, செங்குத்தான மெல்லிய சுவர் மாதிரி சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையைப் பிளந்துகொண்டு ஏறியிருந்தது. அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் குறைவான ஆழம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ள அழுத்தம் போதவில்லை. அங்கேயே குளிர்ந்து கல்லாகிக்கொண்டிருக்கிறது.

1256-இன் தொடக்கத்தையும் 2009-இன் தொடக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அதிர்வில் தொடங்கின, இரண்டிலும் அதிர்வு வலுத்தது. ஒன்று லாவாவில் முடிந்தது, மற்றது ஒன்றுமில்லாமல் முடிந்தது. முதல் வாரத்தில் எது எதுவென்று பிரித்துச் சொல்ல இன்றைய அறிவியலாலும் முடியாது. உலகம் முழுக்க இப்படிக் கிளம்பும் மாக்மாவில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடுகிறது. 1999-இலும் மதீனா அருகே ஹர்ரத் ரஹத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கில் சிற்றதிர்வுகள் வந்து அடங்கின. ஆகவே ஹர்ராக்காரர்களின் நிலைமை இதுதான்: எச்சரிக்கை நிச்சயம் கிடைக்கும், ஆனால் பல எச்சரிக்கைகள் பொய்த்துப்போகும். பொய்த்த இரண்டுக்குப் பிறகு மூன்றாவதை மக்கள் மதிப்பார்களா என்பதுதான் எனக்கு மாக்மாவைவிடப் பெரிய கவலை. 2009-இல் அல்-ஈஸில் இருந்தவர்களிலேயே சிலர் அடுத்த முறை அசைய மாட்டார்கள்.

செங்கடலின் தெற்கே கதை வேறு. அங்கே பிளவு கடலுக்குள்ளேயே தீவாக எட்டிப் பார்க்கிறது. ஏமனுக்குச் சொந்தமான ஜபல் அத்தைர் தீவு 1883-க்குப் பிறகு சும்மா இருந்தது. 2007 செப்டம்பர் 30 அன்று வெடித்தது. தீவில் ஏமன் ராணுவ முகாம் இருந்தது, சிப்பாய்கள் சிலர் உயிரிழந்தார்கள், கடலில் குதித்தவர்களை அந்த வழியாக வந்த நேட்டோ கப்பல்கள் மீட்டன. அதற்குத் தெற்கே சுபைர் தீவுக்கூட்டத்தில் 2011 டிசம்பரில் கடலுக்குள்ளிருந்து லாவா ஊற்று எழுவதை மீனவர்கள் பார்த்தார்கள். ஒரு புதுத் தீவு பிறந்தது. 2013-இல் இன்னொன்று. நூறாண்டுக்கும் மேல் உறங்கிக் கிடந்த பகுதி ஏழு ஆண்டுக்குள் மூன்று முறை எழுந்தது என்றால், அங்கே அடியில் சரக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் யான்புவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வரும் சாம்பலை மட்டும் தூரம் பார்த்து ஒதுக்க முடியாது. எரித்திரியாவின் நப்ரோ 2011 ஜூனில் வெடித்தது. எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி 2025 நவம்பர் 23 அன்று வெடித்தபோது சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி ஏமன், ஓமன் மேல் போய், வட இந்திய வானம் வரை வந்தது. இந்தியாவிலிருந்து ஜித்தா போக வேண்டிய சில விமானங்கள்கூட ரத்தாயின. நடைமுறையில் உங்கள் வாழ்க்கையில் எரிமலை குறுக்கிடப் போவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஊருக்குக் கிளம்பும் நாளில் விமானம் இல்லாமல்.

நிலநடுக்கத்துக்கு வருவோம். மாக்மா ஏறும்போது வரும் அதிர்வுகள் எண்ணிக்கையில் அதிகம், வலிமையில் குறைவு. பெரும்பாலும் 6-ஐத் தாண்டுவதில்லை. பெரிய நடுக்கம் வேறு வகைப் பிளவில் வரும். செங்கடலின் வட முனையில் அகபா வளைகுடா இருக்கிறது அல்லவா, அங்கே அரேபியா பக்கவாட்டில் உரசிக்கொண்டு வடக்கே போகிறது. அந்தப் பிளவு சாக்கடல் வழியாகத் துருக்கி வரை ஆயிரம் கிலோமீட்டர் நீளம். ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான் நகர்வு, ஆனால் அது நாள்தோறும் நழுவுவதில்லை. பூட்டிக்கொண்டு நின்று, நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்து, ஒரே நொடியில் விடுகிறது. 1068-இலும் 1588-இலும் அந்தப் பக்கம் பெரிய நடுக்கங்கள் வந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. 1995 நவம்பர் 22 அதிகாலை வளைகுடாவுக்குள்ளேயே 7.2 அளவில் வந்தது. எகிப்தின் நுவைபாவிலும் சவுதியின் ஹக்லிலும் கட்டடங்கள் சேதமாயின. 2009-இன் பெரிய அதிர்வோடு ஒப்பிட்டால் வெளிப்பட்ட ஆற்றல் நூற்றுக்கணக்கான மடங்கு. இறந்தவர்கள் சிலரே. காரணம் நல்ல கட்டடங்கள் அல்ல, அன்று அந்தக் கரையில் ஆளே அதிகமில்லை. இன்று அதே கரையில்தான் நியோம் என்ற புது நகரத் திட்டம். தபூக், நியோம் பக்கம் வேலைக்குப் போகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் இன்னும் கொஞ்சம் கறாராக இருந்திருக்கும்.

கட்டடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே தீபகற்பத்தில் இன்னொரு உதாரணம்: 1982 டிசம்பர் 13, ஏமனின் தமார். அளவு 6.2 தான், 1995-ஐவிடப் பல மடங்கு சிறியது. ஆனால் கல்லும் மண்ணும் அடுக்கிய மலைக் கிராம வீடுகள் மொத்தமாகச் சரிந்து 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இனி யான்பு. அது அகபா பிளவுக்கு வெகு தெற்கே, ஹர்ரத் லுனய்யிருக்கும் தெற்கே. நடுக்கம் உணரலாம், கண்ணாடி அலமாரி ஆடலாம். சொந்தமாக ஒரு பெரும் நடுக்கத்தைத் தரக்கூடிய பிளவு கடலின் நடுக்கோட்டில்தான், அங்கே தரை மெல்லியது என்பதால் பெரும்பாலும் நடுத்தர அளவுக்கு மேல் போவதில்லை. தொழில் நகரத்தில் ஆலைகளும் குடியிருப்புகளும் அதிர்வுச் சுமையைக் கணக்கில் எடுத்துக் கட்டப்படுகின்றன. பழைய யான்பு ஊருக்குள் மலிவு வாடகைக்கு விரிசல் விட்ட பழைய கட்டடத்தில் மேல்மாடி பார்க்கிறீர்கள் என்றால் மட்டும், இருநூறு ரியால் கூடுதலானாலும் வேறு பாருங்கள் என்பேன். வீட்டுக்குள் கட்டில் தலைமாட்டில் கனமான அலமாரி வேண்டாம்; தண்ணீர் ஹீட்டரைச் சுவரில் நன்றாக இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே குளியலறைக் கூரையை ஒட்டி ஹீட்டரைத் தொங்கவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, நடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஹர்ராவில் ஏதாவது தொடங்கினால் யான்புவுக்கு வரக்கூடிய தொல்லை லாவா அல்ல. மதீனாவின் குடிநீரில் பெரும்பங்கு யான்புவில் கடல்நீரைச் சுத்திகரித்து மலை தாண்டிக் குழாயில் போவது. நாட்டின் கிழக்கிலிருந்து எண்ணெய் கொண்டுவரும் 1,200 கிலோமீட்டர் குழாய் முடிவதும் யான்புவில்தான். உள்நாட்டில் ஒரு குழாயோ மின்பாதையோ அறுந்தால் அதன் சுமை இங்கே தெரியும், அத்தோடு 2009 போல ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்குவார்கள், வாடகை ஏறும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சாம்பல் விழலாம். அப்போது ஏசியை நிறுத்தி, மொட்டைமாடித் தொட்டியை மூடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு இருப்பது போதும். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மணற்புயல் அடிக்கும் ஊரில் அது எப்படியும் தேவைப்படும்.

தகவலுக்கு ஜித்தாவில் தலைமையகம் உள்ள சவுதி நிலவியல் ஆய்வு நிறுவனத்தையும் சிவில் டிஃபென்ஸையும் மட்டும் நம்புங்கள். 2009-க்குப் பிறகு ஹர்ராக்களைச் சுற்றி அதிர்வுமானிகள் வலையாகப் போடப்பட்டிருக்கின்றன. மனிதர் உணராத அதிர்வும் அதில் விழும். "வருகிற வெள்ளிக்கிழமை 8 ரிக்டரில் வரப்போகிறது" என்று தேதி போட்டு வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள், நிலநடுக்கத்துக்குத் தேதி சொல்ல உலகில் யாராலும் முடியாது. எரிமலை விஷயத்தில் அதிகாரிகள் கிளம்பச் சொன்னால், இக்காமாவும் (குடியிருப்பு அனுமதி அட்டை) பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு அன்றே கிளம்பிவிடுங்கள். கிளம்பி ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

இதற்கு இணையாகத் துபாய், தம்மாம் பக்கம் பாதுகாப்பா என்று சிலர் கேட்பார்கள். அங்கே ஹர்ரா இல்லை, ஆனால் வளைகுடாவுக்கு அக்கரையில் ஈரான். 2013 ஏப்ரலில் ஈரானில் வந்த 7.7 நடுக்கத்துக்குத் துபாய் அடுக்குமாடிகளிலிருந்து ஆட்கள் ஓடி இறங்கினார்கள்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். விடுமுறை கிடைத்தால் தாயிஃப் தாண்டி, ஹர்ரத் கிஷ்பில் இருக்கும் வஹ்பா பள்ளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2 கிலோமீட்டர் அகலம், 250 மீட்டர் ஆழம், அடியில் வெள்ளை உப்புப் படுகை. ஏறிவந்த மாக்மா நிலத்தடி நீரில் பட்டு ஆவியாய் வெடித்ததில் உண்டானது. விளிம்பிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணமில்லை. இறங்குவது எளிது, ஏறும்போது வெயில் ஆளை விழுத்தாட்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் போங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை மேலேயே நிறுத்துங்கள்.